விவசாயி கைக்கு எவ்வளவு போச்சுன்னு கேட்டு வாங்குங்க

நீங்க கேட்டதைச் சுருக்கமா சொல்லிக்கிறேன். பதினாலு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு காரைக்குடிக்குத் திரும்பி வந்திருக்கீங்க. அங்க விவசாயிக்கு நியாய விலை குடுத்து வாங்கினதுன்னு சொல்ற ஃபேர்டிரேட் முத்திரை பாத்து காபி, சாக்லேட், வாழைப்பழம் வரைக்கும் வாங்கிப் பழகிட்டீங்க, இங்க அந்த முத்திரையே கண்ணுல படல. பெரிய கம்பெனி வேணாம், சின்ன தனிக் கம்பெனிங்கள்ட்ட வாங்கணும், ஆனா ஆளாளுக்கு விவசாயி போட்டோ போட்டு ரெண்டு மடங்கு விலை சொல்றாங்க, யாரை நம்புறது, அந்த விலை நியாயமான்னு கேட்டிருக்கீங்க.

நான் தேவகோட்டைப் பக்கம். ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில ஏழு வருஷம் கொள்முதல் கணக்கு எழுதினேன், இப்ப எங்க தெருவுல பன்னெண்டு வீட்டுக்குச் சேத்து மொத்தமா மளிகை வாங்கித் தர்றேன். அந்த அனுபவத்துல சொல்றேன், முத்திரையைத் தேடாதீங்க, கணக்கைக் கேளுங்க. "இந்தப் பொருளை யார்கிட்ட வாங்குனீங்க, கிலோவுக்கு என்ன குடுத்தீங்க, காசு எப்ப குடுத்தீங்க?" இதைக் கேட்டா ஒழுங்கா வியாபாரம் பண்றவங்க பதில் சொல்லிடுவாங்க, சில பேர் சந்தோஷமா அரை மணி நேரம் பேசுவாங்க. பதில் சொல்லாதவங்க எவ்வளவு அழகா பாக்கெட் போட்டாலும் நான் வாங்குறதில்ல.

முத்திரை விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். 1988ல நெதர்லாந்துல மெக்சிகோ விவசாயிங்க காபியை மாக்ஸ் ஹாவலார்ங்கற முத்திரையோட வித்தாங்க, இன்னிக்கு நீங்க பாக்குற ஃபேர்டிரேட் முத்திரைக்கு அதுதான் ஆரம்பம். அதுல ரெண்டு முக்கியமான விஷயம் இருக்கு. ஒண்ணு, சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் இதுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு ஒரு அடிப்படை விலை, சந்தை அதுக்கு மேல போனா சந்தை விலை. ரெண்டாவது, அதுக்கு மேல விவசாயிங்க சங்கத்துக்குன்னு தனியா ஒரு தொகை, அதை என்ன பண்றதுன்னு அவங்களே கூடி முடிவு பண்ணுவாங்க. கழுவிப் பதப்படுத்துன அராபிகா காபிக்கு 2023 ஆகஸ்ட்ல இருந்து அடிப்படை விலை ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 1.80 டாலர், சங்கத்துக்கு 20 சென்ட்.

இந்த அடிப்படை விலை எதுக்குன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் சொல்ல வேண்டியதில்ல. கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகள்ல நிக்கிற பர்மா தேக்குத் தூண் ஒவ்வொண்ணும் அந்தக் கதையைச் சொல்லும். கீழ் பர்மாவுல நெல் போடுறவங்களுக்கு நம்ம ஊர்ல இருந்து போனவங்கதான் கடன் குடுத்தாங்க, 1930ல உலகமே பொருளாதாரத்துல சரிஞ்சப்ப நெல் விலை அடியோட விழுந்துச்சு, கடனைக் கட்ட வழியில்லாம நிலத்தை எழுதிக் குடுத்தாங்க. அங்க முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம், 1937ல 25 சதவீதம். யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதை எடுக்கல. நிலம் வேணும்னு அவங்க போகல, வட்டி வந்தா போதும்னு போனவங்க, கடைசியில அந்த நிலமும் கைய விட்டுப் போச்சு. விலை விழுறப்ப தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லன்னா உழுறவனும் போவான், குடுத்தவனும் போவான், அது நம்ம வீட்டுக் கணக்குலயே இருக்கு.

சரி, அந்த முத்திரை இங்க ஏன் இல்ல? டீ, காபி, பருத்தின்னு ஏத்துமதி ஆகுற சரக்குக்குத்தான் இந்தியாவுல அது பெரும்பாலும் வருது. சாக்கோட்டையில ரெண்டு ஏக்கர்ல நெல் போடுறவர் தணிக்கைச் செலவு பண்ணி அதை வாங்குறதுல அர்த்தமே இல்ல. நம்ம கடையில நீங்க பாக்குறது வேற முத்திரைங்க. இந்தியா ஆர்கானிக் 2001ல வந்த என்பிஓபிங்கற மத்திய அரசு இயற்கை விளைச்சல் திட்டத்தோடது, வெளி ஆள் வந்து சோதிச்சு சான்று குடுப்பாங்க. பிஜிஎஸ் இந்தியாங்கறது குறைஞ்சது அஞ்சு விவசாயிங்க ஒரு குழுவா சேந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் பாத்து உறுதி சொல்றது, செலவு ரொம்பக் கம்மி, சின்ன விவசாயிக்கு அதுதான் தோது. அதுல பச்சைன்னு போட்டிருந்தா இயற்கைக்கு மாறிக்கிட்டு இருக்காங்க, இன்னும் முழுசா மாறலன்னு அர்த்தம். ஜைவிக் பாரத் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட சின்னம்.

இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. இது எல்லாமே எப்படி விளைஞ்சதுன்னு சொல்லுது, விளைய வச்சவருக்கு என்ன கெடைச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லாது. ஆர்கானிக் நெல்லை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஆர்கானிக் முத்திரையோட வித்தா அந்த முத்திரையில பொய்யே இல்ல. புவிசார் குறியீடும் அப்படித்தான், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல கெடைச்சுது, ஊரைச் சொல்லுமே தவிர விலையைச் சொல்லாது. பாக்கெட்ல இருக்குற 14 இலக்க உணவு உரிம நம்பரும் (1ல ஆரம்பிச்சா லைசென்ஸ், 2ல ஆரம்பிச்சா சின்ன ஆளுங்களுக்கான பதிவு) கட்டாயம் இருக்கணும், ஆனா அதுவும் நியாயத்துக்குச் சான்று இல்ல.

இப்ப நம்ம கவுனி அரிசிக்கு வருவோம், உங்க வீட்டு விசேஷத்துக்கு வாங்கித்தானே ஆகணும். கணக்கு போடுறது எப்படின்னு இதுலயே காட்டுறேன். சாதா நெல்லுக்கு 2025-26க்கு மத்திய அரசு வச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2369 ரூபா. 100 கிலோ நெல்லை அரைச்சா உமி, தவிடு, குருணை போக ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும், ஆக அரைப்புக் கூலி சேக்காமலே கிலோ அரிசிக்கு 36 ரூபாய்க்கு மேல அடக்கம். கருப்பு கவுனி 140, 150 நாள் பயிர், உசரமா வளந்து காத்துக்கும் மழைக்கும் சாஞ்சுடும், மகசூல் ஒட்டு ரகத்தை விட ரொம்பக் கம்மியாத்தான் வரும், அதனால ஆதரவு விலைக்கு அதை யாரும் போட முடியாது. உதாரணத்துக்கு விவசாயிக்கு கிலோ நெல்லுக்கு 60 ரூபா குடுத்ததா வச்சுக்குங்க, 100 கிலோவுக்கு 6000, அதுல 65 கிலோ அரிசின்னா கிலோ 92 ஆச்சு. கல் பொறுக்கி, சலிச்சு, அரைப்புக் கூலி, பை, வண்டி, சேதாரம்னு ஒரு 35, 40 ரூபா போடுங்க, அப்புறம் விக்கிறவரும் வீட்டுல அடுப்பு எரிக்கணும்ல. 170, 180 வந்தா எனக்குப் புரியுது. ஒருத்தர் 90 ரூபாய்க்கு "நேரடியா விவசாயிகிட்ட இருந்து"ன்னு வித்தா, ஒண்ணு அது கவுனி இல்ல, இல்லன்னா அந்த விவசாயி நஷ்டத்துல குடுத்திருக்கார். இன்னொருத்தர் 300 சொன்னா கோவப்படாதீங்க, கேளுங்க. விவசாயிக்கு 60க்குப் பதிலா 100 குடுத்திருந்தா அது நல்ல 300. அதே 60 குடுத்துட்டு மிச்சம் முழுக்க டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் போச்சுன்னா அந்த 300ல விவசாயிக்கு மூணுல ஒரு பங்குகூடப் போகல, 170க்கு விக்கிறவர்கிட்ட பாதிக்கு மேல போகுது. ரெண்டு மடங்கு விலைன்னா ரெண்டு மடங்கு நியாயம்னு நெனைச்சுடக் கூடாது.

கவுனி நிஜமான்னு பாக்க ஒரு வழி சொல்றேன், நான் ஒவ்வொரு மூட்டைக்கும் பண்ணுவேன். ஒரு கைப்பிடி அரிசியை தம்ளர்ல ஊற வைங்க, கொஞ்ச நேரத்துல தண்ணி நாவப்பழச் சாறு மாதிரி ஆயிடும். சாயம் போகுதுன்னு பயந்து நிறையப் பேர் திருப்பி அனுப்புறாங்க பாவம், அது கவுனியோட சொந்த நிறம். அந்தத் தண்ணியை ரெண்டு கிண்ணத்துல ஊத்துங்க, ஒண்ணுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பளீர்னு செவப்பா மாறும், இன்னொண்ணுல ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டா நீலமும் பச்சையுமா போகும். எதுவுமே மாறாம அப்படியே இருந்துச்சுன்னா யோசிக்கணும். ஒரு அரிசியை நகத்தால சுரண்டியும் பாருங்க, மேல் தோல்தான் கருப்பு, உள்ள வெள்ளையா இருக்கும்.

கருப்பட்டியில நானே ஏமாந்தேன். ஒரு ஆன்லைன் கம்பெனி, பேர் வேணாம், பனையேறி மரத்துல நிக்கிற போட்டோ, "எங்கள் பனைக் குடும்பங்கள்"னு ஒரு பக்கம் நிறைய எழுத்து. ஐப்பசி மாசம் அஞ்சு கிலோ போட்டேன், "நேத்து காய்ச்சினது"ன்னு சீட்டு வச்சு அனுப்பினாங்க, எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. தீபாவளிக்கு சாயல்குடிப் பக்கத்துல இருந்து எங்க வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், நாப்பது வருஷம் மரம் ஏறினவர், வட்டை கையில வாங்கி ஒடைச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. நான் திரும்பத் திரும்பக் கேட்டப்புறம், "தம்பி, ஐப்பசியில எந்தப் பனையிலப்பா பதனி இறங்குது?"ன்னாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நம்ம பக்கம் மாசி பங்குனியில ஆரம்பிச்சு ஆடியோட பதனி முடிஞ்சுடும், அதுக்கப்புறம் விக்கிறது சேத்து வச்ச சரக்கா இருக்கணும். நேத்து காய்ச்சினா அது பெரும்பாலும் சீனிப்பாகுதான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனி வேணும், தினம் காலையும் சாயங்காலமும் மரம் ஏறி பாளை சீவணும், கலயத்துக்கு சுண்ணாம்பு தடவணும், வீட்டுப் பொம்பளைங்க மணிக்கணக்கா அடுப்புல வேகணும். அந்த உழைப்புக்குப் பக்கத்துல கிலோ நாப்பது, அம்பது ரூபா சீனியை வச்சுப் பாருங்க, கலப்படம் ஏன் நடக்குதுன்னு புரியும், நிஜமா காய்ச்சுறவங்க ஏன் தொழிலை விட்டுட்டுப் போறாங்கன்னும் புரியும். ஒடைச்சா உள்ள மங்கலா இருக்கும், மழைக்காலத்துல கசிஞ்சு பிசுபிசுக்கும், நாக்குல லேசா உப்புக் கரிக்கும். கல்லு மாதிரி மினுமினுன்னு இருந்தா வேணாம். அதை விட நல்ல சோதனை "இது எந்த மாசம் காய்ச்சினது?"ன்னு கேக்குறது. "வைகாசி சரக்கு, பரண்ல வச்சிருந்தோம்"னு சொல்றவரை நான் நம்புவேன்.

செட்டிநாட்டு மசாலான்னு பேர் போட்ட பொட்டலத்துல இன்னொரு விஷயம் இருக்கு, நாம பெருசா யோசிக்கிறதே இல்ல. அன்னாசிப்பூ நம்ம மண்ணுல விளையாது, சீனா, வியட்நாம்ல இருந்து வருது. கல்பாசி பயிரே இல்ல, காட்டுல மரப்பட்டையிலயும் பாறையிலயும் படர்ற ஒண்ணு, வருஷத்துக்குக் கொஞ்சமாத்தான் வளரும். மலைவாழ் மக்கள் காடு காடா நடந்து சுரண்டி எடுத்து காய வச்சு சாக்குல கொண்டு வர்றாங்க. எடையே நிக்காத சரக்கு, அதுக்கு அவங்களுக்குக் கெடைக்கிற விலைக்கும் நம்ம கடை விலைக்கும் நடுவுல எத்தனை கைன்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியாது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டுல கெடைக்கிற இந்த மாதிரி சிறு பொருளெல்லாம் காட்டுல வாழ்றவங்களுக்குச் சொந்தம்னு சொல்லுது, ஆனா சந்தையில பேரம் பேசுறப்ப சட்டம் கூட வர்றதில்ல. கல்பாசியை மட்டும் பழங்குடி மக்களோட சங்கம் வழியா வாங்கிடுங்க, வருஷத்துக்கு 100 கிராம்கூட நமக்குச் செலவாகாது, விலை கூடினாலும் கைய கடிக்காது. மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு. அங்க மழையை நம்பிப் போடுற வெள்ளாமை, விதைக்கிறப்பவே கமிஷன் கடையில கடன் வாங்கிட்டா காய்ஞ்ச வத்தலை அதே கடையிலதான் போடணும், சொன்ன விலைதான். விவசாயிகிட்ட நேரா வாங்கி அன்னிக்கே காசு குடுக்குற ஒரு சின்ன கம்பெனி அந்தக் கட்டை அறுத்து விடுது, அதனாலதான் மேல "காசு எப்ப குடுத்தீங்க"ன்னு கேக்கச் சொன்னேன். விலையை விட சில சமயம் அந்தத் தேதிதான் முக்கியம்.

பலகாரம். வெளியூருக்கு நாம அனுப்புற சீப்பு சீடை, தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு எல்லாம் யார் கையில சுத்துறது? காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு முன்னாடி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காத அக்காமாருங்கதான். கைமுறுக்கு சுத்துற ஒரு அக்காவைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் அசையும், மாவு தானா திரிஞ்சு திரிஞ்சு வட்டமா வந்து விழும், விரல் நுனி வழவழன்னு ரேகையே தெரியாது. கூலி கிலோ கணக்குலயா, நாள் கணக்குலயா, அடுப்புச் சூட்டுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது இருக்கான்னு கேளுங்க, காரைக்குடியில இருக்குறீங்க, நேரா போயே பாக்கலாம், இந்த வசதி சென்னைக்காரங்களுக்குக் கெடையாது. எண்ணெயையும் கேட்டுடுங்க. செக்குல ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டேகால், ரெண்டரை கிலோ பருப்பு வேணும், அன்னிக்கு பருப்பு என்ன விலைன்னு தெரிஞ்சா செக்கு எண்ணெய் பலகாரத்தை அந்த விலைக்குத் தர முடியுமா முடியாதான்னு நீங்களே சொல்லிடுவீங்க.

காபி, தேன், சாக்லேட் நம்ம ஊர்ல விளையாது, அதுக்கு வெளியில போகத்தான் வேணும். கோத்தகிரியில ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கு, பங்குதாரர் எல்லாருமே நீலகிரிப் பக்கத்துப் பழங்குடி மக்கள், 2021ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் பரிசு வாங்கினாங்க, தேன், காபி, மிளகுக்கு நான் முதல்ல சொல்றது அவங்களைத்தான். காபிக்கு ஆந்திராவுல அரக்கு பள்ளத்தாக்கு பழங்குடி விவசாயிங்களோடதும் நல்லா இருக்கும், நம்ம டிகிரி காபி ருசி வேணும்னா சிக்கரி தனியா வாங்கி வீட்டுல கலந்துக்குங்க. தேன்ல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, 2020 டிசம்பர்ல சிஎஸ்இங்கற சுற்றுச்சூழல் அமைப்பு 13 பிராண்டை, சீனிப்பாகு கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கிற என்எம்ஆர் சோதனைக்கு அனுப்பினதுல மூணுதான் தேறிச்சு, தேறாததுல பெரிய பேரெல்லாம் இருந்துச்சு. சாக்லேட்ல உலகத்து கொக்கோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானாவுல இருந்து வருது, அங்க தோட்டத்துல சின்னப் பிள்ளைங்க வேலை செய்யுறது இன்னும் நிக்கல. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிரா கொக்கோ போடுறாங்க, அதை வாங்கி சாக்லேட் பண்ற சின்ன கம்பெனிங்க தமிழ்நாட்டுலயே இருக்கு, தோட்டத்துப் பேரை அட்டையிலயே போடுவாங்க.

சின்ன கம்பெனின்னு சொன்னீங்கல்ல, அதுலயும் ரெண்டு விதம். பேர்ல உற்பத்தியாளர் கம்பெனின்னு இருந்தா அது 2002ல கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி வந்த வகை, விளைய வைக்கிறவங்க மட்டும்தான் பங்கு வச்சிருக்க முடியும், லாபம் வந்தா அவங்களுக்கே போகும். வெறும் பிரைவேட் லிமிடெட்னா தனியார் வியாபாரம், அது தப்புன்னு சொல்ல வரல. நான் வேலை பாத்த கம்பெனியே காகிதத்துல விவசாயிங்களோடதுதான், ஆனா ஒரு வருஷம் நெல்லை எடுத்துட்டு நாலு மாசம் காசு குடுக்க முடியாம நின்னோம், கொள்முதல் நோட்டுல கையெழுத்துப் போட்டவங்க முகத்தை நேரா பாக்க முடியல. அதே சமயம் தனி ஆளா கடை நடத்துற ஒரு தம்பி எடை போட்ட அன்னிக்கே வயக்காட்டுல வச்சு ஜிபேல பணம் போட்டதையும் பாத்திருக்கேன். அதனால வகையை வச்சு முடிவு பண்ணாதீங்க, கேளுங்க.

எல்லாத்தையும் ஒரே மாசத்துல மாத்தணும்னு கெளம்பாதீங்க, பட்ஜெட் தாங்காது, ரெண்டு மாசத்துல அலுத்துப் போய் விட்டுடுவீங்க. மூணே மூணு பொருளை எடுத்துக்குங்க, ஆனா வருஷம் பூரா அதே ஆள்கிட்ட வாங்குங்க. சின்ன வியாபாரிக்கு ஒரு தடவை பத்து கிலோ வாங்கிட்டு காணாமப் போறவங்களை விட மாசாமாசம் ரெண்டு கிலோ வாங்குறவங்கதான் தெம்பு, அதை நம்பித்தான் அடுத்த போகத்துக்கு விவசாயிகிட்ட வாக்கு குடுக்க முடியும். முடிஞ்சா அறுப்புக்கு முன்னாடியே பாதிப் பணம் குடுங்க. அரிசியில வண்டு வந்தா சண்டைக்குப் போகாதீங்க, மருந்து வைக்காத அரிசியில வரத்தான் செய்யும், முறத்துல பரப்பி நெழல்ல ஆற விட்டு ரெண்டு துண்டு வசம்பு போட்டு வைங்க. தவிட்டோட இருக்குற கவுனி ரொம்ப நாள் கெடந்தா சிக்கு வாடை வந்துடும், அதனால மூணு மாசத்துக்கு மேல சேத்து வைக்காதீங்க.

இப்ப ஐப்பசி, கருப்பட்டிக்கு அவசரம் வேணாம், வைகாசி ஆனியில வாங்கிக்கலாம். புது வத்தல் பங்குனி சித்திரையில வரும். கவுனிக்கு தை மாசி. சம்பா இப்ப வயல்ல நிக்குது, கவுனி போட்டிருக்குற ஒருத்தரை இப்பவே பிடிச்சீங்கன்னா வயலைப் பாத்துட்டே பேசிடலாம், பக்கத்துல புதுவயல் ஊர்ல அத்தனை அரிசி மில்லு இருக்கு, ஆனா அஞ்சு மூட்டையை தனியா அரைச்சுத் தர சின்ன மில்லா பாக்கணும், அதையும் அவர்கிட்டயே கேளுங்க, எந்த மில்லுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க தெருவுல நாலு வீடு சேந்தா ஒரு மூட்டை ஆயிடும், வண்டி வாடகையும் நாலா பிரிஞ்சுடும்.